முடிவைச் சொல்லாதீங்க

அத்தியாயம் 11

செத்துப்போன அம்மா குழுவில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தாள்.

“முடிவைச் சொல்லாதீங்க. நான் இன்னும் அந்த இடத்துக்கு வரல.”

வேலை முடிந்து திரும்பும் பேருந்தில் சின்னவன் அதைப் படித்தான். குளிர்பதனக் கிடங்கில் இரவெல்லாம் பெட்டி அடுக்கிய விரல்கள் இன்னும் மரத்துப்போய்த்தான் இருந்தன. திரையைத் தொட்டால் தொட்டது தெரியவில்லை. படித்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டான். வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, படுத்துவிட்டான்.

அவன் திடுக்கிடாததற்குக் காரணம் உண்டு. அம்மா போன பிறகும் அம்மாவின் கணக்கு அந்தக் குழுவில் எழுதிக்கொண்டேதான் இருந்தது. அக்காதான் எழுதுகிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். மருந்துக் கடையில் கல்லாவைப் பார்த்துவந்த அம்மா ஒரு காலையில் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவும், கல்லூரியைப் பாதியில் விட்ட சின்னவனும். பெரியவள் கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருக்கிறாள். செயற்கைப் பல் செய்யும் லேப்பில் வேலை. மூன்று பேரும் இன்னும் அழவில்லை. யாராவது ஆரம்பித்தால் மற்றவர்கள் சேர்ந்துகொண்டிருப்பார்கள். யாரும் ஆரம்பிக்காததால் அது அப்படியே நின்றுவிட்டது. சென்ற வாரம் அம்மாவின் புத்தக அலமாரியைக் காலி செய்ய வந்த பெரியவள், ஒரு தட்டைக்கூடக் காலி செய்யாமல் திரும்பிப் போனாள்.

குழுவின் பெயர் ‘மடித்த மூலை’. புத்தகப் பைத்தியங்கள் சில நூறு பேர். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. குழுவை நடத்துபவர் ‘தூசு’. வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராத ஒருவர் ‘இரவல்’. பெரியவள் எந்தப் புத்தகத்திலும் முன்னுரையைத் தாண்டியதில்லை என்பதால் ‘முன்னுரை’. சின்னவன் ‘பாதி’. படிக்கும் லட்சணத்துக்கும் கல்லூரிக்கும் சேர்த்து அம்மாவே வைத்த பெயர்.

அம்மா ‘கரையான்’.

கரையான் எந்தப் புத்தகத்தையும் கடைசி அத்தியாயத்தில்தான் தொடங்குவாள். “யார் சாகப் போறாங்கன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நிம்மதியா படிக்கலாம்ல” என்பாள். படிப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துப்பறியும் நாவலைப் படித்துக்கொண்டிருக்கும்போது குழுவுக்குள் வந்து, “சமையல்காரன்தான்” என்று ஒரே ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். முடிவைச் சொல்லக்கூடாது என்று குழுவில் ஒரு விதி இருக்கிறது. அதன் பெயரே கரையான் சட்டம்.

அந்தக் கரையான்தான் இப்போது முடிவைச் சொல்லாதீங்க என்கிறாள்.

ஜன்னலில் கட்டிய போர்வையைப் பிடுங்கியது யார் என்று பார்க்க சின்னவன் கண்ணைத் திறந்தான். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அதற்கு முன்னால் பெரியவள் நின்றிருந்தாள். கையில் ஸ்கூட்டர் சாவி, நகக்கண்களில் பல் அச்சு எடுக்கிற மாவு.

“எந்திரிடா.”

“இப்பத்தான் படுத்தேன்.”

“எந்திரி. எதுக்குடா இப்படிப் பண்ணுன?”

“எப்படிப் பண்ணுனேன்?”

அவள் ஃபோனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதே வரி.

“கொஞ்ச நாளா பாத்துட்டுதான் இருக்கேன். சரி, ராத்திரியெல்லாம் தனியா கெடக்கறான், அம்மா பேர்ல நாலு வார்த்தை எழுதிட்டுப் போகட்டும்னு விட்டேன். அதுக்காக இதா எழுதுவ? அம்மாவ உனக்குத் தெரியாதா?”

சின்னவன் எழுந்து உட்கார்ந்தான். “நீதானே எழுதற?”

“நானா?”

“நீன்னுதான் நெனச்சேன்.”

“நான் எதுக்கு எழுதறேன்? முன்னுரை முடிஞ்சா எனக்குத் தூக்கம் வந்துடும்.”

“எனக்கு மட்டும்? என் பேரே பாதி.”

யார் எழுதுவது என்று முன்பே கேட்டிருக்கலாம். இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும், பேசினால் அம்மாவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, கரையான் எழுதியதற்கெல்லாம் ஆளுக்கொரு விருப்பக்குறி போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு பாரு,” என்றாள் பெரியவள்.

கீழே குழு களைகட்டியிருந்தது.

“கரையானா பேசறது? ஆளை மாத்திட்டாங்களா?”

“முடிவு வேண்டாமாம். நாளைக்கு முன்னுரை ஒரு புத்தகத்தை முழுசா படிக்கும் பாருங்க.”

“அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு நடந்திருக்கு. கரையான் செங்கல்லைப் படிக்குது.”

செங்கல் என்பது மூன்று பாக நாவல் ஒன்றுக்குக் குழு வைத்த செல்லப் பெயர். ஓர் உப்பளம், அதை வைத்து அடித்துக்கொள்ளும் ஒரு குடும்பம், ஆயிரத்துச் சொச்சம் பக்கம். எல்லார் வீட்டிலும் இருந்தது. படித்து முடித்தவர் என்று யாரும் இல்லை.

“எங்க வீட்டுல கம்ப்யூட்டர் அதுமேலதான் நிக்குது.”

“அதுக்குள்ள அடையாளத்துக்கு நான் வெச்சது கல்யாணப் பத்திரிகை. என்னோடது. இப்ப பையன் காலேஜ் போறான்.”

“மூணாவது பாகம்னு ஒண்ணு இருக்கறதே வதந்தின்னு கேள்வி.”

“இதே கரையான் முன்னாடி என்ன சொல்லுச்சு, ஞாபகம் இருக்கா? எழுதுனவருக்கு உப்பளத்து முதலாளி மேல கோபமே இல்ல, நம்ம மேலதான் கோபம்னு.”

எல்லாவற்றுக்கும் கீழே தூசு.

“தமாஷ் போதும். சமீபத்துல ரெண்டு பேரோட கணக்கு திருடு போயிருக்கு. அதனால கேக்கறேன். கரையான், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க சொந்தக் குரல்ல எங்களை நாலு வார்த்தை திட்டிப் போடுங்க. இல்லேன்னா கணக்கை எடுக்க வேண்டியிருக்கும். தப்பா நெனைக்காதீங்க. உங்ககிட்ட திட்டு வாங்கியும் ரொம்ப நாளாச்சு.”

மாதம் ஒரு தடவை குழு குரலில் கூடும். எழுத்தில் சண்டை போட்டவர்கள் வாயால் சண்டை போட்டுக்கொள்வார்கள். கரையானின் குரல் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“எடுக்கட்டும்,” என்றாள் பெரியவள். “நல்லதுதான். ஆளே இல்லன்னு நானே சொல்லிடலாம்னு இருந்தேன்.”

“சொல்லலியே.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அங்க போய் என்னன்னு எழுதறது?” அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். “அம்மா ஃபோன் எங்கடா?”

அது எங்கே இருக்கிறது என்று சின்னவன் யோசித்ததே இல்லை. இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். கட்டிலில் அப்பா படுக்கும் பக்கத்தில் அம்மாவின் சார்ஜர் சொருகியிருந்தது. தலையணைக்குக் கீழே செங்கல்லின் இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் இருந்தன. முதல் பாகத்தைக் காணோம்.

அப்பா புத்தகம் படித்து இரண்டு பேருமே பார்த்ததில்லை. பேப்பரில்கூட, எங்காவது லிஃப்ட் விழுந்த செய்தி வந்தால் அதை மட்டும் படிப்பார். “கயிறா இருக்காது. கதவுதான்” என்று சொல்லிவிட்டு மடித்து வைப்பார்.

“ஏதாவது சட்டை எடுத்துப் போடு,” என்றாள் பெரியவள்.

*

அப்பாவுக்கு அன்று ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. வாசலில் லிஃப்ட் கதவின் மேல் ‘வேலை நடக்கிறது’ என்று பலகை தொங்கியது. லிஃப்ட் அறை மொட்டை மாடியில்.

“பெத்தவர் லிஃப்ட் மெக்கானிக். நம்ம தலையெழுத்து படி,” என்று பெரியவள் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கினாள். சின்னவன் கைப்பிடியைப் பிடித்து ஏறினான். தூக்கம் இன்னும் காலில் இருந்தது.

மேலே இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெரிய மோட்டாரும், சக்கரத்தில் சுற்றிய கம்பிக் கயிறுகளும், கிரீஸ் வாடையும். வெளியே பக்கத்தில் தண்ணீர் பம்ப் இரைந்துகொண்டிருந்தது. அப்பா கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அழுக்கு படாமலிருக்கப் புத்தகத்துக்குப் பேப்பர் அட்டை போட்டிருந்தார். மூக்கில் அம்மாவின் கண்ணாடி, ஊதா ஃபிரேம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல உதடுகள் அசைந்தன.

நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். வரச்சொன்னவர்கள் வந்துவிட்டது போலத்தான் இருந்தது அவர் முகம்.

“படியிலயா வந்தீங்க?”

“வேற எதுலப்பா வர்றது?” என்றாள் பெரியவள். “நீங்கதானா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “யாரோ ஒருத்தர் மூத்த மகன் கடைசில என்ன ஆவான்னு எங்கயோ கேட்டத எழுத வந்தாங்க. அதான் சொல்லாதீங்கன்னேன். தப்பாயிடுச்சு போல.”

“அம்மா அப்படி எழுத மாட்டா.”

“எழுதுனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் சரியாத்தான எழுதிட்டு வந்தேன்?”

பழுது பார்த்துக் கொடுத்த லிஃப்ட் சரியாக ஓடுகிறதா என்று கேட்பது போலக் கேட்டார். சின்னவன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

“நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கவிதைப் புத்தகத்தப் பத்தி எழுதுனது எல்லாருக்கும் புடிச்சது. வரிய உடைச்ச நேரத்துக்குக் கொஞ்சம் யோசிச்சும் இருக்கலாம்னு.”

“அது அவ சொன்னது. சாப்பிடும்போது ஏதாவது சொல்லிட்டே இருப்பா. நான் காதுலயே வாங்கலன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.” அப்பா ஒரு துணியால் விரல்களைத் துடைத்தார். “வாங்கியிருக்கேன்.”

எப்போது ஆரம்பித்தது என்று பெரியவள் கேட்டாள். அப்பா ஃபோனில் தேடி எடுத்துக் காட்டினார். குழுவில் ‘வைத்தியம்’ என்று ஒரு பகுதி. அம்மா தொடங்கியதுதான். வந்தவர்கள் தங்கள் கோளாறைச் சொல்வார்கள், மற்றவர்கள் அதற்கு ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வார்கள். மாமியார் வந்திருக்கிறார் என்று ஒருவர் எழுதினால், தடியான புத்தகமாகச் சொல்கிறேன், முகத்தை மறைக்கும் என்று இன்னொருவர் எழுதுவார். அங்கே கரையான் பெயரில் அப்பா எழுதிய முதல் வரி இருந்தது.

“வீட்டில் சத்தம் இல்லை. என்ன படிக்கலாம்?”

கரையான் ஏதோ விளையாடுகிறாள் என்று குழு எடுத்துக்கொண்டிருக்கிறது. “கொடுத்து வெச்சவங்க” என்று ஒருவர். “என் பிள்ளைங்க ரெண்டையும் அனுப்பி வைக்கட்டுமா?” என்று ஒருவர். சின்னவனே அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தான். இரவல் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்.

“செங்கல்லை எடுங்க. சீக்கிரம் தீராது.”

பெரியவள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். “எல்லாம் சரிப்பா. ஆனா இது ஏமாத்து வேலை. செத்தவ பேர்ல பேசறோம். அந்த ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?”

“என்ன வேணா நெனைக்கலாம்.”

“அப்ப நிறுத்திடுங்க.”

அப்பா மோட்டாரைப் பார்த்தார். “அங்க யாரும் என்னை எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதில்ல. என்ன படிக்கறீங்கன்னு கேக்கறாங்க.”

பெரியவள் தினமும் மதியம் லேப்பிலிருந்து அப்பாவைக் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, எப்படி இருக்கீங்க. சாப்பிட்டேன், நல்லாருக்கேன். அவ்வளவுதான் அந்த உரையாடல். ஒருநாளும் ஒரு வார்த்தை கூடியதில்லை.

“உங்க பேர்ல புதுசா சேந்துக்கலாம்ப்பா,” என்றான் சின்னவன். “நானே சேத்து விடறேன். லிஃப்ட்டுன்னு பேரு வெச்சுக்கலாம்.”

“எதுக்கு? அவங்க என்கிட்டயா பேசறாங்க? அவகிட்ட பேசறாங்க. நான் பக்கத்துல இருந்து கேக்கறேன்.” புத்தகத்தின் பேப்பர் அட்டையை நீவினார். “அங்க அவ இன்னும் சாகல. வேற எல்லா எடத்துலயும் செத்துட்டா.”

பம்ப் தானாக நின்றது. பிறகு தானாக ஓட ஆரம்பித்தது.

“சாயங்காலம் வரைக்கும்தான் நேரம் குடுத்திருக்காங்க,” என்றார் அப்பா. சொல்லிவிட்டுப் பெரியவளைப் பார்த்தார்.

அவர் என்ன கேட்கிறார் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் அவள் ஃபோனை எடுத்தால் மருந்துக் கடை முதலாளி அவளிடமே சரக்கு விவரம் கேட்க ஆரம்பித்துவிடுவார். சொந்த அத்தையே ஒருமுறை அம்மாவைப் பற்றி இவளிடம் புகார் சொல்ல ஆரம்பித்து, குரலைக் கேட்டதும் அம்மாவிடமே சொல்வதாக நினைத்துப் பயந்து ஃபோனை வைத்திருக்கிறாள். அதே குரல், அதே ஏற்ற இறக்கம்.

“முடியாதுப்பா.”

“சரி.”

அவ்வளவுதான். கெஞ்சவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடி விரலை வைத்தார். சாயங்காலத்துக்குள் எத்தனை பக்கம் முடியுமோ அத்தனை பக்கம் என்பது போல இருந்தது. கெஞ்சியிருந்தால் பெரியவள் சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பாள்.

“அப்படி என்னதான்ப்பா இருக்கு அதுல?” என்றாள்.

அப்பா சொல்ல ஆரம்பித்தார். உப்பளம் வைத்திருந்த கிழவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு உப்பு பிடிக்காது, கடலும் பிடிக்காது. இளையவனுக்கு மூத்தவனைப் பிடிக்காது. கிழவர் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார், பாத்தி பாத்தியாக நடந்துகொண்டே இருப்பார். மழை வந்து ஒரு வருஷ உப்பு கரைந்துபோகிற இடத்தில், கிழவர் குடைகூட எடுக்காமல் போய் வரப்பில் நிற்கிறார். மூத்தவன் தூரத்திலிருந்து பார்க்கிறான், போய்க் கூப்பிடவில்லை.

“ஏன் கூப்பிடலன்னு எழுதல. அத இவரு எழுதியிருக்கணும்,” என்றார் அப்பா. “இல்ல, எழுதாம விட்டதும் சரிதான்னு சில நேரம் தோணுது. அதப் பத்தித்தான் நேத்து இரவல்கிட்ட பேசிட்டிருந்தேன்.”

அவர் இவ்வளவு பேசி சின்னவன் கேட்டதில்லை. அம்மா இருந்தபோதும் கேட்டதில்லை. அவனுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது என்னவோ, இந்த அறை வெப்பமாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

பெரியவள் நகத்திலிருந்து மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சத்தத்துல எப்படிப் பேசறது?” என்றாள் கடைசியில்.

*

லிஃப்ட்டுக்குள் சத்தம் வராது என்றார் அப்பா. மூவரும் மேல்மாடியில் ஏறிக்கொண்டார்கள். அவர் சாவியைத் திருகி, பொத்தானைப் பிடித்து, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். மூன்று பக்கம் தகரம், பின்னால் கண்ணாடி. மூவரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

பெரியவள் அம்மாவின் ஃபோனை வாய்க்கு அருகில் பிடித்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

“வணக்கம். நான் கரையான் பேசறேன். என்னோட கணக்கு...”

“பேங்க்லேருந்து பேசற மாதிரி இருக்கு,” என்றான் சின்னவன்.

அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை குரல் மிகவும் இறங்கிவிட்டது.

“அவ இவ்வளவு மெதுவா பேசுனா உடம்பு முடியலன்னு அர்த்தம்,” என்றார் அப்பா. “அப்புறம், அவ மொதல்ல பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவா. திட்டப் போறவங்க பேரை.”

“கொஞ்சம் மூக்கால பேசு,” என்றான் சின்னவன்.

“அம்மா எங்கடா மூக்கால பேசுனா?”

“சளி புடிச்சா பேசுவா.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடிட்டு இருக்கீங்களா? ஒரு காரியம் பண்ண விட மாட்டீங்க.”

பேசியது பெரியவள். ஆனால் அது பெரியவளின் குரல் இல்லை. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்தக் குரல் போய்விடுவதற்குள் பிடித்துக்கொள்கிறவள் போலப் பொத்தானை அழுத்தினாள்.

“ஏம்ப்பா தூசு, உனக்கு வேற வேலையே இல்லையா? நான் எதை முதல்ல படிச்சா உனக்கென்ன, எதைக் கடைசில படிச்சா உனக்கென்ன? இத்தனை வருஷம் பின்னாடிலேருந்து படிச்சாச்சு. ஒரே ஒரு தடவை முன்னாடிலேருந்து படிச்சுத்தான் பாப்போமேன்னு உக்காந்திருக்கேன். அதுக்குள்ள சாட்சி கேக்கறான், கையெழுத்து கேக்கறான். கம்ப்யூட்டருக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கறவங்க எல்லாம் அதக் கீழ எறக்கிட்டு, நாலு பக்கம் படிச்சுட்டு வந்து பேசுங்க. என்ன, நான் சொல்றது சரிதானே?”

“ம்,” என்றார் அப்பா.

பெரியவள் விரலை எடுத்துவிட்டாள். பதிவு முடிந்தது.

 அப்பாவின் கை சாவியின் மேலேயே இருந்தது. தான் பதில் சொன்னது அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பெரியவள் அனுப்பும் பொத்தானைத் தொட்டாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“போகல.”

“இங்க சிக்னல் வராது,” என்றார் அப்பா. “கீழ போய்க் கதவு தெறந்தா போயிடும். வேண்டாம்னா இப்பவே அழிச்சுடும்மா. தெறந்துட்டா அப்புறம் நம்ம கையில இல்ல.”

அவர் அவளைப் பார்க்காமல்தான் சொன்னார். பெரியவள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விரல் வைத்தால் போதும். அழித்தால் சாயங்காலம் தூசு கணக்கை எடுத்துவிடுவார், அதோடு தீர்ந்தது, யாரும் பொய் சொன்னதாக ஆகாது. அப்பா தினமும் மதியம் சாப்பிட்டேன், நல்லாருக்கேன் என்று சொல்வார்.

சின்னவன் அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்தான். அழித்துவிடு என்றோ, போகட்டும் விடு என்றோ. அதற்குள் பெரியவள் நிமிர்ந்தாள்.

“எறக்குங்கப்பா,” என்றாள்.

லிஃப்ட் அசைந்தது. கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது வெளியே துணி மூட்டையோடு ஒரு பெண்ணும், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருவரும் நின்றிருந்தார்கள்.

“எவ்வளவு நேரம் சார் நிக்கறது?” என்றார் தள்ளுவண்டிக்காரர்.

“ஒரு நிமிஷம் சார். சரியா ஓடுதான்னு பாத்துட்டிருக்கோம்.”

வட்டம் நின்றது. போய்விட்டது.

பெரியவள் ஃபோனைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டு லிஃப்ட்டின் மூலையில் சாய்ந்துகொண்டாள். பதில்கள் வர ஆரம்பித்தன. அவன் அப்பாவுக்காகத் தணிந்த குரலில் வாசித்துக் காட்டினான்.

“சந்தேகமே இல்ல. கரையானேதான்.”

“திட்டு வாங்கியாச்சு. இன்னைக்கு நல்லாத் தூங்குவேன்.”

“கம்ப்யூட்டரைக் கீழ எறக்கிட்டேன். இப்ப கழுத்து வலிக்குது.”

“கடைசில ஒரு ‘ம்’ கேட்டுச்சே, யாரது?”

“புதுசா வந்தவரா நீங்க? அது அவங்க வீட்டுக்காரர். எல்லாக் கூட்டத்துலயும் பின்னாடி அவர்தான் ம் கொட்டுவார்.”

பிறகு தூசு எழுதினார். “குரலை யாரு வேணாலும் நகலெடுக்கலாம். அந்த ‘ம்’ஐ எடுக்க முடியாது. கணக்கு இருக்கட்டும். மன்னிச்சுக்கங்கம்மா.”

அப்பா அந்த வரியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

“அதுல நானும் இருந்திருக்கேனா?” என்றார்.

அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள் திரையின் உச்சியில் இன்னொரு செய்தி வந்தது. குழுவில் இல்லை, கரையானுக்குத் தனியாக. இரவலிடமிருந்து.

“பெரியவ நல்லாப் பேசுனா. சின்ன வயசுலேருந்தே அவளுக்கு அம்மா குரல்தான். நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். உப்பளத்துல இப்ப எங்க இருக்கீங்க?”

சின்னவன் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. ஃபோனை அக்காவிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவளைப் பெரியவ என்று கூப்பிடுவது அந்த வீட்டுக்குள் மட்டும்தான். புகுந்த வீட்டில்கூட அந்தப் பெயர் தெரியாது.

“யாருப்பா இது?”

அப்பா ஃபோனை வாங்கினார். ஊதா ஃபிரேமை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். ஒற்றை விரலால் ஓர் எழுத்தாகத் தட்டிப் பதில் எழுதினார். “மூத்தவன் ஊரை விட்டுக் கெளம்பறான். பெட்டி கட்டிட்டிருக்கான்.”

“அப்பா. யாருன்னு கேக்கறேன்.”

“இரவல்.”

“அது தெரியுது. ஆளு யாரு? நம்ம வீட்டுக்குள்ள கூப்பிடற பேரெல்லாம் தெரிஞ்சிருக்கு. இத்தனை நாளா உங்ககிட்ட பேசிட்டிருக்காங்க. நீங்க அம்மா இல்லன்னும் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு யாருன்னு தெரியுமா தெரியாதா?”

“தெரியும்,” என்றார் அப்பா.

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். வெளியே நின்றவர்களுக்காகக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

“எறங்குங்க ரெண்டு பேரும். ஆளுங்க நிக்கறாங்க.”